கேமராவிடம் கேட்டது

அவளை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நர்ஸ் படிப்பு எதுவும் படித்தவள் அல்ல. ஒரு ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் கூடமாட வேலை பார்த்து, படுக்கைப் புண் வராமல் ஆளைப் புரட்டவும், விழாமல் பிடித்துக் குளிப்பாட்டவும், முரண்டு பிடிக்கும் கிழவர்களை மாத்திரை முழுங்க வைக்கவும் கற்றுக்கொண்டவள். கடைசி வித்தையை எந்த ஆஸ்பத்திரியும் சொல்லித் தருவதில்லை. அது தானாக வர வேண்டும், அவளுக்கு வந்திருந்தது.

ஐம்பது வயதைத் தாண்டிவிட்டாள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று ஒரு விலாசம் கிடையாது. எந்த வீட்டில் நோயாளியோ அந்த வீடுதான் விலாசம். இந்த வேலை இரண்டு விதமாகத்தான் முடியும்: நோயாளி எழுந்து நடப்பார், இல்லையென்றால் போய்ச் சேர்வார். எப்படி முடிந்தாலும் மூட்டை கட்ட வேண்டியவள் அவள்தான். அடுத்த வீடு கிடைக்கும்வரை தங்கை வீட்டுச் சமையலறையில் பாய் விரித்துப் படுப்பாள். தங்கை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். தங்கை புருஷன் மட்டும் காலையில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார். அதனால் இருக்கிற வீட்டில் நீடித்து இருப்பது அவளுக்குப் பெரிய விஷயம்.

இப்போது இருந்த வீடு இரண்டாவது மாடியில். ஒரே அறை, ஆள் திரும்ப இடமில்லாத சமையலறை. கட்டில், டி.வி., அலமாரி எல்லாம் அந்த ஒரே அறையில். பெரியவர் வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். மனைவி போய்ச் சில வருஷம் ஆகிறது. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சொன்ன பேச்சு கேட்பதை நிறுத்திவிட்டன. நாக்கும் அவ்வப்போது குழறும். ஆனால் வாய் ஓயாது. ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே போகிற வண்டிகளை எல்லாம் திட்டுவார். இவள் சக்கர நாற்காலியைத் தள்ளும்போதுகூட, "கியரை மாத்தும்மா, வண்டி முக்குது" என்பார். அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டாள். முதலில் அது வேலைக்காகச் சொன்ன வார்த்தைதான். போகப் போக உண்மையாகவே ஆகிவிட்டது.

ஒரே மகன் வேறு ஊரில், ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிற உத்தியோகம். நல்லவர்தான், ஆனால் எதையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுகிற நல்லவர். அப்பா விழுந்த சமயம் வந்திருந்து, இவளை ஏற்பாடு செய்து, வீட்டுக்கு இன்டர்நெட் இழுத்து, டி.வி.க்கு மேலே ஒரு கேமராவையும் மாட்டிவிட்டுப் போனார். உருண்டைத் தலை, நடுவில் ஒரு கண். அங்கே மகன் போனில் விரலைத் தேய்த்தால் இங்கே அது கொர்ரென்று தலையைத் திருப்பும். ஆரம்பத்தில் மகன் அதன் வழியாகவே பேசவும் செய்தார். "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று டி.வி.க்கு மேலிருந்து குரல் வரும். பெரியவர் பூரித்துப் போவார்.

கொஞ்ச நாளில் குரல் நின்றுவிட்டது. தலை மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது. ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகப் பேச முடியுமா, பார்க்கிறானே அதுவே போதும் என்று பெரியவர் சமாதானம் சொல்லிக்கொண்டார். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அப்படியே இரண்டு பேருக்கும் ஒரு பழக்கம் ஏற்பட்டது. காலையில் பெரியவருக்குச் சவரம் செய்து, துவைத்த சட்டையை மாட்டி, கேமராவுக்கு நேராக உட்கார வைப்பாள். பிறகு அதற்கு முன்னால் நின்று, மேலதிகாரியிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் ஒப்பிப்பாள். "தம்பி, அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தாச்சு. வயிறு சரியாப் போச்சு. நான் கடைக்குப் போயிட்டு வர்றேன். சாவி செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில வச்சிருக்கேன்." கேமரா சில சமயம் அவள் பக்கம் திரும்பும். அவளும் பதிலுக்குத் தலையாட்டிவிட்டுப் போவாள்.

பெரியவரின் இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பஸ் ஓட்டிய காலத்தில் வீட்டுக்கு வந்தவரைக் கை நனைக்காமல் அனுப்பாத மனுஷன். இப்போது எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் முடியாது. அதனால் வைஃபை கொடுத்தார். சிலிண்டர் போடுபவர், பார்சல் கொண்டுவருபவர், கைகால் பயிற்சி கொடுக்க வருபவர், மாடிப்படியில் மூச்சு வாங்க நின்றவர் என்று யாரும் தப்பியதில்லை. "உக்காருங்க. வைஃபை வேணுமா?" என்று கேட்டு, பாஸ்வேர்டை அவரே சொல்வார். அவர் கடைசியாக ஓட்டிய பஸ்ஸின் நம்பர்தான் பாஸ்வேர்ட். மறக்காமல் இருக்கட்டும் என்று மகன் வைத்தது. நம்பரைச் சொல்லும் சாக்கில் அந்த பஸ்ஸின் கதையையும் பாதி சொல்லிவிடுவார். வந்தவர்கள் கதையை அங்கேயே விட்டுவிட்டு நம்பரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

வெயில் ஏறிய ஒரு நாள், மருந்துக் கடைக்குக் கிளம்பியவள் சீட்டை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே பெரியவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் கேமராவிடம். அவள் இருக்கும்போது அதனிடம் கை ஆட்டுவாரே தவிர, அவர் பேசியதில்லை. நாக்கு குழறிவிடக் கூடாதென்று ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசினார்.

"தம்பி, கேக்குதா? ஒரு மாசம். ஒரு மாசம் மட்டும் உன் வீட்டுல வந்து இருக்கட்டுமா? பசங்களைப் பாக்கணும் போல இருக்கு. தொந்தரவு குடுக்க மாட்டேன். முடியாதுன்னாலும் பரவாயில்ல, சொல்லிடு."

கேமரா சற்று நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கொர்ரென்று சத்தம். மெதுவாகத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தது. அங்கேயே நின்றுவிட்டது.

பெரியவர் வாயை மூடிக்கொண்டார். அவள் சத்தம் காட்டாமல் ஒரு மாடி இறங்கி, செருப்பை ஓங்கி ஓங்கித் தேய்த்துக்கொண்டு, இருமியபடியே மறுபடி ஏறி வந்தாள். சீட்டை மறந்துவிட்டதாகச் சொன்னாள். பெரியவர் முகத்தைத் திருப்பாமலே, அலமாரி மேலே இருக்கிறது என்றார்.

போனில் கேட்டிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். போனில் அவர் பேச்சு பாதி மகனுக்குப் புரிவதில்லை. "என்னப்பா? திருப்பிச் சொல்லுங்க" என்பார். இப்படி ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்ல எந்த அப்பாவுக்கு வாய் வரும்? அதுவும் அந்தப் பக்கம் போன் ஸ்பீக்கரில் இருக்கும், மருமகள் காது, பேரப் பிள்ளைகள் காது எல்லாம் அங்கேதான் இருக்கும். கேமராவுக்கு முகம் கிடையாது. அதனால்தான் மனுஷனுக்குத் தைரியம் வந்திருக்கிறது.

அன்றிலிருந்து வீடு அடங்கிப் போனது. கீழே போகிற வண்டிகள் எப்படிப் போனாலும் அவர் கண்டுகொள்ளவில்லை. சவரம் வேண்டாம் என்றார். சாப்பாட்டை அளைந்துவிட்டு வைத்தார். மகன் வாராவாரம் போன் செய்தால், நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு போனை அவளிடம் நீட்டினார். அவளுக்கோ மகன் மேல் கோபம் கோபமாக வந்தது. முடியாது என்றால் முடியாது என்று சொல்ல வேண்டும். பெற்றவன் வாய் விட்டுக் கேட்கும்போது மூஞ்சியைத் திருப்பிக்கொள்வதா? ஆனாலும் அது அப்பா பிள்ளை சமாச்சாரம், சம்பளத்துக்கு வந்தவள் மூக்கை நுழைக்கக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டாள். கேமராவிடம் ஒப்பிப்பதை மட்டும் சுருக்கிவிட்டாள். "மாத்திரை போட்டாச்சு, துரை குறிச்சுக்கலாம்" என்பதோடு சரி.

ஒரு மத்தியானம் பெரியவர் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவிட்டார். அவளுக்குப் பொறுக்கவில்லை. சமையலறைக்குப் போய் மகனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. நாளெல்லாம் அந்தக் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பாக்குறதுக்கு, ஒரு தடவை நேர்ல வந்து பாக்கலாமில்ல?"

அந்தப் பக்கம் மகன் தடுமாறினார். "கேமராவா? நான் எங்கக்கா பாத்தேன்? போன் மாத்தினதுலேர்ந்து அந்த ஆப்பையே போடல. அப்புறம் போடலாம்னு விட்டது, அப்படியே போயிடுச்சு."

எப்போது போன் மாற்றினீர்கள் என்று கேட்டாள். மழைக்காலத்துக்கு முன்னால் என்றார். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"ஆனா அது திரும்புது தம்பி. இன்னிக்குக் காலையிலகூடத் திரும்புச்சு."

அவள் சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். டி.வி.க்கு மேலே அந்த ஒற்றைக் கண் பெரியவரின் கட்டிலைப் பார்த்தபடி இருந்தது. அவள் போனை வைத்துவிட்டு, துவைக்கப் போட்டிருந்த துண்டை எடுத்துக்கொண்டு போய் அதன் தலையில் போட்டு மூடினாள். வயரைப் பிடுங்கினாள். என்ன செய்கிறாய் என்று பெரியவர் கேட்டதற்குத் தூசி தட்டுகிறேன் என்றாள்.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. சாவி எங்கே இருக்கிறது, வீட்டில் எப்போது ஆள் இருக்காது, எழுந்திருக்க முடியாத மனுஷன் எவ்வளவு நேரம் தனியாகக் கிடக்கிறார் என்று தினமும் ஊருக்குத் தண்டோரா போட்டிருக்கிறாள். பென்ஷன் விஷயமாக பேங்க்கிலிருந்து போனுக்கு வரும் நம்பரை மகனுக்குப் போன் போட்டு அங்கே நின்றுதான் உரக்கப் படித்துக் காட்டுவாள். அவள் புடவை மாற்றுவதும் அந்த அறையில்தான். அலமாரிக் கதவுக்குப் பின்னால் கேமராவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள். கொர்ரென்று எத்தனை தடவை திரும்பியதோ. உடம்பெல்லாம் கூசியது. முகம் தெரியாத எவனோ ஒருவனுக்கு, தம்பி தம்பி என்று சொல்லித் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மகன் பேங்க்கில் சொல்லி வைத்தார். வாசல் பூட்டு மாறியது. மறுநாள் இன்டர்நெட் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, படபடவென்று வேலை. ரூட்டரைத் தலைகீழாகப் புரட்டினாள், போனில் என்னவோ திறந்து பார்த்தாள், வீட்டில் எத்தனை போன் என்று கேட்டாள். இரண்டு என்றாள் சிஸ்டர். "இங்க ஒரு மாநாடே நடக்குதுக்கா" என்று அந்தப் பெண் காட்டினாள். எதிர்வீட்டு டி.வி., கீழ்த்தளத்துக் கடையின் கம்ப்யூட்டர், பேர் தெரியாத போன்கள் என்று ஒரு பட்டாளமே பெரியவரின் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தது.

பெரியவர் காதில் விழாதபடி சமையலறைக்கு வந்து, வைஃபை பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டவன் வீட்டுக்குள் நின்றவன் மாதிரி என்றாள் அந்தப் பெண். உள்ளே வந்தவனுக்குக் கேமராவும் ஒரு கதவுதான். அந்தக் கதவுக்கோ பெட்டியிலிருந்து எடுத்த நாளன்று இருந்த பூட்டே இன்னமும் தொங்குகிறது. கேமரா செய்கிற கம்பெனி எல்லாவற்றுக்கும் போட்டு அனுப்பும் ஒரே பாஸ்வேர்ட். மாற்றவே இல்லை. பார்த்தவன் யார் என்று சிஸ்டர் கேட்டாள். இந்தக் கட்டடத்திலேயே இருக்கலாம், ஒரு தடவை வந்துவிட்டு எங்கிருந்தோ பார்க்கிறவனாகவும் இருக்கலாம் என்றாள். திருட வழி பார்ப்பவன் உண்டு, பொழுது போகாமல் பார்ப்பவனும் உண்டு. புகார் கொடுத்து வையுங்கள், ஆனால் ஆள் அகப்படுவான் என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். அதை அவள் மூடி மறைக்காமல் சொன்னது சிஸ்டருக்குப் பிடித்திருந்தது. எல்லாருடைய இணைப்பையும் அறுத்து, வாயில் நுழையாத நீளத்தில் புதுப் பாஸ்வேர்ட் போட்டு, யாராவது வந்து கேட்டால் இதைச் சொல்லுங்கள் என்று விருந்தாளிகளுக்குத் தனியாக ஒன்றும் வைத்துக் கொடுத்தாள். கேமராவைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள். நெட் மெதுவாக வருகிறது, அதைச் சரிசெய்ய வந்திருக்கிறாள் என்று பெரியவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் அந்தப் பெண்ணிடம் வைஃபை வேண்டுமா என்று கேட்டார்.

சாயங்காலம் மகன் போனில் கெஞ்சினார். "அக்கா, அப்பாகிட்ட சொல்லாதீங்க. நான் தினம் பாத்துக்கிட்டிருக்கேன்னு நம்பிக்கிட்டு இருக்காரு. இத்தனை மாசமா எட்டிக்கூடப் பாக்கலன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு. கேமரா ரிப்பேர்னு சொல்லிடுங்க."

சரி என்று சொல்லிவிட்டாள். சம்பளம் கொடுப்பவர் அவர். அதோடு, சொன்னால் மனுஷன் தாங்குவாரா என்று அவளுக்கும் பயம். கேமரா ரிப்பேர் என்று பெரியவரிடம் சொன்னாள்.

பெரியவர் டி.வி.க்கு மேலே காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். "ரிப்பேரெல்லாம் இல்லம்மா. எங்க திரும்பவும் கேட்டுடுவேனோன்னு கழட்டச் சொல்லியிருப்பான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எதைக் கேட்டுவிடுவீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது, மகனுக்குத் தெரியாத ஒன்றும் தெரிந்திருந்தது. இரண்டையும் வயிற்றில் கட்டிக்கொண்டு சில நாள் வேலை செய்தாள். பெரியவர் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. தோளைப் பிடித்துத் தூக்கும்போது எலும்பு கையில் தட்டுப்பட்டது.

வாய் திறக்காததற்கு மகன் கெஞ்சியது மட்டும் காரணம் என்று அவள் தன்னையே ஏமாற்றிக்கொள்ளவில்லை. சொன்னால் பெரியவர் மறுபடி கேட்பார். மகன் சரி என்பார். பெரியவர் கிளம்பினால் ஒரு மாதம் என்பது இரண்டாகும், அப்புறம் அங்கேயே இருக்கட்டும் என்று ஆகும். அங்கே மருமகள் இருக்கிறாள், இவள் எதற்கு? இவளுக்கு மறுபடி தங்கை வீட்டுப் பாய்தான். வேலையை நினைத்து வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. அசிங்கமாக இருந்தும் இன்னும் இரண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாவது நாள் காலையில் மாத்திரையை நீட்டினாள். பெரியவர் முரண்டு பிடிக்கவில்லை. எதற்கு, ஏன் என்று கேட்காமல், கொடுத்ததை வாங்கிப் போட்டுக்கொண்டார். இத்தனை வீடுகளில் அவள் இதைப் பார்த்திருக்கிறாள். சண்டை போடுவதை நிறுத்தினவர்கள் அதிக நாள் இருப்பதில்லை. அவள் நாற்காலியை இழுத்து அவர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தக் கேமராவுல உங்களைப் பாத்தது தம்பி இல்ல."

ஆதியோடந்தமாகச் சொன்னாள். மகன் போன் மாற்றியது, ஆப் போடாமல் விட்டது, எவனோ உள்ளே நுழைந்து பார்த்தது, அவர் எல்லாருக்கும் கொடுத்த பாஸ்வேர்ட், தான் தினமும் ஒப்பித்தது எல்லாவற்றையும் சொன்னாள். பெரியவர் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மழைக்கு முன்னாடியிருந்தே அவன் பாக்கலையா?"

"ஆமாப்பா. நீங்க அன்னிக்கு ஊருக்கு வரட்டுமான்னு கேட்டீங்களே, நான் கதவுகிட்ட நின்னேன். தம்பிக்கு அது தெரியவே தெரியாது. மூஞ்சியைத் திருப்பினது வேற எவனோ."

உடைந்து போவார் என்று பயந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் முகத்தின் ஒரு பாதி மெல்ல மலர்ந்தது, இன்னொரு பாதிக்கு அது முடியவில்லை. "அவன் பாக்கவே இல்லையா!" என்றார். ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டவர் போல இருந்தது அந்தக் குரல். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, சிரிப்பும் வந்தது. எட்டிப் பார்க்காத பிள்ளையை மன்னிக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. முடியாது என்று சொன்ன பிள்ளையைத்தான் இத்தனை நாளும் மென்று முழுங்க முடியாமல் கிடந்திருக்கிறார்.

பிறகு சட்டென்று முகம் மாறியது. "நீ இந்த ரூம்லதானேம்மா படுத்த" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவர் அந்த முகம் தெரியாதவனைத் திட்ட ஆரம்பித்தார். பஸ் ஓட்டிச் சேர்த்த வார்த்தைகள். எதையும் இங்கே எழுத முடியாது. ஒரு வார்த்தைகூடக் குழறவில்லை. அவளுக்கு அது எந்தப் புகாரைவிடவும் ஆறுதலாக இருந்தது.

மூச்சு வாங்கி முடித்ததும் போன் போடச் சொன்னார். இந்த நம்பரை அழுத்தினால் இந்த வீட்டு வேலை முடிந்தது என்று அவளுக்குத் தெரியாதா என்ன. அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டு அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். மருமகள் கேட்டால் கேட்கட்டும், பேரப் பிள்ளைகள் கேட்டால் கேட்கட்டும் என்பதுபோல, பெரியவர் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"தம்பி, ஒரு மாசம் உன் வீட்டுல வந்து இருக்கட்டுமா?"

அந்தப் பக்கம் மகன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சனிக்கிழமை வண்டியோட வர்றேன்ப்பா. ஒரு மாசம் என்ன கணக்கு." குரல் சரியாக வரவில்லை, நிறுத்திவிட்டு மறுபடி பேசினார். "ஏம்பா, இத்தனை நாளா ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லலையே?"

"சொன்னேன்டா," என்றார் பெரியவர். "ஆள் மாறிப்போச்சு."